பெயரில் வக்கீல், தொழிலில் டாக்டர்
ரத்தக் கொதிப்பை இறக்கிக் காட்டிய ருஸ்தம் ஜால் வக்கீல்

1945-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி. அமெரிக்காவில் ஜார்ஜியா ராஜ்யத்தைச் சேர்ந்த வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர். ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நாற்காலியில் அமர்ந்து காகிதங்களைப் பார்த்துக் கொண்டிருந்தார். எதிரே ஓர் ஓவியப் பெண்மணி அவருடைய உருவத்தைத் தீட்டிக் கொண்டிருந்தார். பகல் ஒரு மணி சுமாருக்கு ஜனாதிபதிக்குக் கடுமையான தலைவலி கண்டது. அப்படியே நினைவிழந்து சாய்ந்தார். சில மணி நேரத்தில் உயிர் பிரிந்து விட்டது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்ததுதான் காரணம். அப்போது அவருக்கு வயது 63.

இது திடீர் மரணம் என்று உலகம் நினைத்தது. உண்மையில் ஓராண்டுக்கு முன்பே அபாயம் தெரிந்திருந்தது. 1944 மார்ச் மாதத்தில் கடற்படை டாக்டர் ஒருவர் சோதித்துப் பார்த்தபோதே அவருடைய ரத்த அழுத்தம் 186-க்கு 108 இருந்தது. பிறகு அது ஏறிக் கொண்டே போயிற்று. கடைசி நாளன்று 300-க்கும் மேலே போய் விட்டது. டாக்டர்களால் செய்ய முடிந்தது என்ன? உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். ஓய்வு எடுக்கச் சொன்னார்கள். இருதயத்துக்குப் பலம் தரும் மருந்தும், தூக்க மாத்திரையும் கொடுத்தார்கள். அணுகுண்டு செய்து கொண்டிருந்த தேசத்தில், ரத்தக் கொதிப்பை இறக்குவதற்கு நம்பகமான மாத்திரை ஒன்று கூட இல்லை!

அதே 1940-களில், பம்பாய் பரேல் பகுதியில் உள்ள கிங் எட்வர்டு நினைவு ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர், ரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்கு ஒரு காட்டுச் செடியின் வேரைக் கொடுத்துப் பார்த்துக் கொண்டிருந்தார். அவர் பெயர் ருஸ்தம் ஜால் வக்கீல். பார்சி வகுப்பினர் பலருக்கு முன்னோர் செய்த தொழிலே குடும்பப் பெயராக நின்று விடுவது உண்டு. எஞ்சினீர் என்று பெயர் கொண்ட வியாபாரியையும், காண்டிராக்டர் என்று பெயர் கொண்ட ஆசிரியரையும் பம்பாயில் பார்க்கலாம். அந்த முறையில் இவர் வக்கீல் என்ற பெயருடைய டாக்டர். ஆனால் ஒரு வகையில் பெயரும் பொருந்தித்தான் இருந்தது. நம் நாட்டு மூலிகை ஒன்றின் சார்பில், சாட்சியங்களோடு உலக வைத்திய மன்றத்தில் வழக்காடி வென்றவர் அவர்.

அவர் சாதித்தது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிய வேண்டுமானால், ரத்தக் குழாய்கள் செய்யும் வேலையைக் கொஞ்சம் தெரிந்து கொள்ள வேண்டும்.

ஏரியும் வாய்க்காலும்

கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் பெருமாள் ஏரி இருக்கிறது. அதன் பாசனத்தைப் பார்த்தவர்களுக்கு ரத்த ஓட்டத்தைப் புரிந்து கொள்வது சுலபம். மதகிலிருந்து பெரிய வாய்க்கால். அதிலிருந்து கிளை வாய்க்கால். அதிலிருந்து வயலுக்கு மடை. எந்த வயலுக்கு எப்பொழுது எவ்வளவு தண்ணீர் என்பது மடையைத் திறப்பதிலும் அடைப்பதிலும் இருக்கிறது.

உடம்பிலும் இதே ஏற்பாடுதான். ஒரே வித்தியாசம், ஏரித் தண்ணீர் பள்ளத்தை நோக்கித் தானாக ஓடும். ரத்தத்தை இருதயம் ஓயாமல் இறைத்துத் தள்ள வேண்டும். இருதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அது முதலில் போய்ச் சேருவது கட்டை விரல் பருமனுள்ள மகா தமனியில். இந்தக் குழாயின் சுவர் ரப்பரைப் போல் விரிந்து சுருங்கக் கூடியது. இருதயம் ரத்தத்தைத் தள்ளும்போது விரிந்து இடம் கொடுக்கிறது. இருதயம் ஓய்ந்திருக்கும் கண நேரத்தில் சுருங்கி, ரத்தத்தை மேலும் முன்னே தள்ளுகிறது. துடிப்பு விட்டு விட்டு நடந்தாலும் ஓட்டம் இடைவிடாமல் நடப்பது இதனால்தான்.

தமனிகள் கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் மயிரிழையில் பத்தில் ஒரு பங்கு பருமன் உள்ள நுண்குழாய்கள் ஆகின்றன. அவற்றில் ரத்தத்தின் சிவப்பணுக்கள் ஒற்றை வரிசையில்தான் போக முடியும். அங்கேதான் பிராணவாயுவும் உணவுச் சத்தும் தசைகளுக்குப் போய்ச் சேருகின்றன. கழிவு திரும்பி வருகிறது. பிறகு சிரைகள் என்னும் வடிகால்கள் வழியாக ரத்தம் மறுபடியும் இருதயத்துக்கே வந்து விடுகிறது. காலிலிருந்து மேலே ஏற வேண்டிய ரத்தம் கீழே வழுகி விடாதபடி சிரைகளுக்குள் சிறு சிறு கதவுகள் இருக்கின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே ஏற்றுகின்றன. நாள் முழுதும் நின்ற இடத்தில் நிற்பவர்களுக்குக் கால் வீங்குவது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும்.

நுண்குழாய்க்குச் சற்று முன்னால் இருக்கின்ற சின்னஞ்சிறு தமனிகள்தான் நம் கதைக்கு முக்கியம். அவையே மடைகள். அவற்றின் சுவரில் வளையம் வளையமாகத் தசை இருக்கிறது. நரம்புகளிலிருந்து கட்டளை வந்தால் அந்தத் தசை இறுகும், குழாய் குறுகும். குழாயின் அகலம் பாதியாகக் குறைந்தால் அதன் வழியே போகும் ரத்தம் பாதியாகக் குறையும் என்று எண்ணத் தோன்றும். அப்படி இல்லை. அழுத்தம் மாறாமல் இருந்தால் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்து விடும்! ஆகவே மடை கொஞ்சம் இறுகினாலும் போதும், பின்னால் பெரிய வாய்க்காலில் தண்ணீர் முட்டிக் கொண்டு நிற்கும். அந்த முட்டலைத்தான் ரத்தக் கொதிப்பு என்கிறோம்.

இந்த அழுத்தத்தை முதன் முதலில் அளந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். ஒரு குதிரையின் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயைச் செருகினார். ரத்தம் எட்டு அடிக்கு மேல் எழும்பி நின்றது! 1733-ல் இதை எழுதி வெளியிட்டார். மனிதர்களுக்கு இந்த வித்தை உதவாது அல்லவா? 1896-ல் ரீவா-ரோச்சி என்ற இத்தாலிய டாக்டர், புஜத்தில் ரப்பர் பட்டையைக் கட்டிக் காற்றடித்து அளக்கும் முறையைக் கொண்டு வந்தார். 1905-ல் ருஷ்ய டாக்டர் கோரட்காவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துச் சத்தத்தைக் கேட்டு இரண்டு எண்களையும் கண்டுபிடிக்க வழி சொன்னார். மேல் எண் இருதயம் தள்ளும்போது உள்ள அழுத்தம். கீழ் எண் அது ஓய்ந்திருக்கும்போது உள்ள அழுத்தம். 120-க்கு 80 என்பது நல்ல நிலை. 140-க்கு 90-ஐ எட்டி அங்கேயே நின்று விட்டால் வியாதி.

கரை அரிக்கும் கதை

வாய்க்காலில் தண்ணீர் வருஷக் கணக்கில் முட்டிக் கொண்டே நின்றால் கரை என்ன ஆகும்? குழாய்க்கும் அதுதான் கதி. தமனியின் உட்புறத்தில் ஒரே ஓர் உயிரணு கனத்தில் வழவழப்பான பூச்சு ஒன்று உண்டு. அந்தப் பூச்சே ஒரு வாயுவைச் சுரந்து குழாயை இளக்கி வைக்கிறது என்பதைக் கண்ட மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதிக அழுத்தம் இந்தப் பூச்சைக் கெடுக்கிறது. கெட்ட இடத்தில் கொழுப்பு படிகிறது. சுவர் தடித்து, விரியும் தன்மையை இழக்கிறது. புகையிலைப் புகையும், சர்க்கரை வியாதியும் இதே வேலையைத் தம் பங்குக்குச் செய்கின்றன.

முடிவில், இருதயத்தின் குழாய் அடைபட்டால் மாரடைப்பு. மூளையின் குழாய் அடைபட்டாலும் வெடித்தாலும் பாரிசவாயு. சிறுநீரகத்தின் குழாய் கெட்டால் சிறுநீரகம் சுருங்குகிறது. சுருங்கிய சிறுநீரகம் ரத்தக் கொதிப்பை இன்னும் ஏற்றி விடுகிறது! கண்ணின் பின் திரையிலும் சேதம் உண்டு. உடம்பைக் கீறாமல் ரத்தக் குழாயை டாக்டர் நேரே பார்க்கக் கூடிய இடம் அது ஒன்றுதான்.

இவ்வளவும் நடந்து கொண்டிருக்கும்போது ஆளுக்கு ஒன்றும் தெரியாது. வலி இராது. காய்ச்சல் இராது. பசி குறையாது. ரூஸ்வெல்ட் போன்ற பெரிய மனிதருக்கே கடைசி நாள் வரை ராஜ்ய காரியங்கள் நடந்து கொண்டுதான் இருந்தன.

இதை விட விசித்திரம், அந்தக் கால டாக்டர்கள் கொண்டிருந்த அபிப்பிராயம். வயது ஏறக் குழாய் இறுகிப் போகிறது, இறுகிய குழாயில் ரத்தம் போவதற்கு அழுத்தம் ஏறத்தான் வேண்டும், அதைக் குறைத்தால் ஆபத்து என்று பலர் நம்பினார்கள். காரணம் தெரியாத ரத்தக் கொதிப்புக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரே அவசியமானது என்று பொருள்படும்படி இருந்தது. குறைக்க விரும்பிய சிலரும் கையாண்ட முறைகள் பயங்கரமானவை. முதுகெலும்பை ஒட்டிய நரம்புகளை அறுத்து எடுக்கும் பெரிய ஆபரேஷன் ஒன்று. உப்பில்லாத சோறும் பழமும் மட்டுமே மாதக் கணக்கில் உண்ணும் பத்தியம் இன்னொன்று. அமெரிக்காவில் டாக்டர் கெம்ப்னர் வகுத்த இந்தச் சோற்றுப் பத்தியம் பலருக்குக் குணம் தந்தது உண்மை. உப்பின் பங்கு எவ்வளவு என்று காட்டியதும் அதுவே. ஆனால் தாக்குப் பிடித்தவர்கள் சிலரே. ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் இல்லாமல் ஒரு வாரம் சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும். நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்பது இன்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை.

பைத்தியத்துக்கு ஒரு வேர்

ருஸ்தம் வக்கீல் பிறந்தது 1911-ம் ஆண்டு ஜூலை மாதத்தில், பம்பாயில். லண்டனில் வைத்தியம் படித்து எம்.டி. பட்டம் பெற்று, 1930-களின் பிற்பகுதியில் ஊர் திரும்பினார். இருதய நோய்களே அவர் தேர்ந்து கொண்ட துறை. அவர் சேர்ந்த கிங் எட்வர்டு நினைவு ஆஸ்பத்திரிக்கும் ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதனுடன் இணைந்த சேத் கோர்தன்தாஸ் சுந்தர்தாஸ் வைத்தியக் கல்லூரிக்கு நன்கொடை தந்தவர்கள், ஆசிரியர்கள் எல்லோரும் இந்தியர்களாகவே இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். வெள்ளைக்கார டாக்டர்களே பெரிய பதவிகளில் இருந்த நாளில், 1926-ல், அந்த நிபந்தனையுடன் எழுந்த இடம் அது.

அவர் கையில் எடுத்த வேர், சர்ப்பகந்தா. அரளிக்கும் நித்தியகல்யாணிக்கும் தாயாதி. முழங்கால் உயரத்துக்கும் சற்று மேலாக வளரும் சிறு செடி. பாம்புக் கடிக்கும், தூக்கமின்மைக்கும், சித்தப் பிரமைக்கும் வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். பீகாரில் பைத்திய மருந்து என்றே இதற்குப் பெயர். மேல்நாட்டுத் தாவர சாஸ்திரிகள் இதற்கு ராவுல்ப் என்ற ஜெர்மானிய வைத்தியரின் பெயரை வைத்து விட்டார்கள். பாவம், அந்த மனிதர் பாக்தாத் வரை வந்தாரே தவிர இந்தியாவில் காலடி வைத்தவர் இல்லை!

இந்த வேர் ரத்தக் கொதிப்பை இறக்கும் என்பதை முதலில் கண்டவரும் டாக்டர் வக்கீல் இல்லை. அதை அவரும் ஒருபோதும் மறைத்தது கிடையாது. 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர் பைத்தியத்துக்கும் ரத்தக் கொதிப்புக்கும் இது மருந்து என்று எழுதினார்கள். அதே ஆண்டில் டில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேரிலிருந்து சில ரசாயனப் பொருள்களைப் பிரித்து, ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரால் ஒன்றுக்கு அஜ்மலின் என்று பெயர் சூட்டினார். 1933-ல் கல்கத்தாவில் டாக்டர் சோப்ரா குழுவினர் ஆராய்ந்தனர். 1934-ல் ஹிமாலயா கம்பெனி இந்த வேரை மாத்திரையாக்கி விற்கத் தொடங்கியது. மதம் கொண்ட யானைகளுக்கு இந்த வேரைக் கொடுத்து அடக்கியதைப் பார்த்துத்தான் அந்தக் கம்பெனிக்காரருக்கு யோசனை தோன்றியது என்று ஒரு கதையும் உண்டு.

இவ்வளவு நடந்தும் மேல்நாட்டில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாட்டு மருந்து என்றால் ஒரு சாராருக்குக் கண்மூடித்தனமான இளக்காரம். இன்னொரு சாராருக்குக் கண்மூடித்தனமான பக்தி. இரண்டுமே அந்த வேருக்குக் கெடுதல்தான் செய்தன. அளந்து பார்த்துச் சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

டாக்டர் வக்கீல் அதைச் செய்தார். தாம் வைத்தியம் பார்த்த ரத்தக் கொதிப்புக்காரர்களில் ஐம்பது பேரைப் பொறுக்கி எடுத்தார். மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் திரும்பத் திரும்ப அழுத்தத்தை அளந்து எழுதினார். நான்கு வாரச் சிகிச்சையில் பெரும்பாலோருக்கு மேல் எண், கீழ் எண் இரண்டுமே இறங்கின. எல்லோருக்கும் ஒரே மாதிரி இறங்கவில்லை என்பதையும், தொந்தரவுகள் இன்னின்ன என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். கட்டுரை 1949-ல் லண்டனிலிருந்து வெளிவரும் பிரிட்டிஷ் இருதய சஞ்சிகையில் அச்சாயிற்று. ஆறே பக்கம்!

பாஸ்டன் வரை

அந்த ஆறு பக்கத்தை அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர் ராபர்ட் வில்கின்ஸ் படித்தார். இந்தியாவிலிருந்து மாத்திரைகளை வரவழைத்துத் தம்முடைய நோயாளிகளுக்குக் கொடுத்தார். அழுத்தம் இறங்கியது, நாடித் துடிப்பும் நிதானப்பட்டது, நோயாளிகளின் படபடப்பும் அடங்கியது. 1952-ல் ஸ்விட்சர்லாந்தில் சீபா கம்பெனியின் விஞ்ஞானிகள் வேரின் சாரத்தைப் பிரித்து எடுத்து ரெசர்பின் என்று பெயரிட்டார்கள். 1956-ல் உட்வர்டு என்ற ரசாயனப் பேராசிரியர் அதைச் சோதனைச் சாலையிலேயே செய்து காட்டினார்.

அது வேலை செய்யும் விதம் பின்னால்தான் விளங்கியது. நரம்பு நுனிகளில் ஒருவகை ரசாயனம் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்த ரசாயனம்தான் மடைகளை இறுக்கும் கட்டளை. ரெசர்பின் அந்தச் சேமிப்பைக் காலி செய்து விடுகிறது. கட்டளை போகாததால் மடைகள் தளர்கின்றன. முட்டி நின்ற ரத்தம் வழிந்து ஓடுகிறது.

1957-ல் அமெரிக்காவின் புகழ் பெற்ற லாஸ்கர் பரிசு டாக்டர் வக்கீலுக்குக் கிடைத்தது. மறு ஆண்டு இந்திய சர்க்கார் பத்ம பூஷண் விருது அளித்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் சுபம். ஆனால் அந்த மருந்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. மூக்கடைப்பு, சோம்பல் போன்ற தொல்லைகளைப் பொறுத்துக் கொள்ளலாம். சேமிப்பு காலியாவது நரம்பு நுனிகளில் மட்டும் அல்லவே, மூளையிலும் காலியாகிறது. அதிக அளவில் சாப்பிட்ட சிலருக்கு மனச் சோர்வு பிடித்துக் கொண்டது. சிலருக்கு உயிரையே வெறுக்கும் அளவுக்குப் போயிற்று. மூலிகை என்றால் தீங்கே செய்யாது என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு செடியின் கதையையாவது முழுதும் படிக்க வேண்டும். பிறகு டாக்டர்கள் அளவை வெகுவாகக் குறைத்து, சிறுநீரைப் பிரிக்கும் மருந்தோடு சேர்த்துக் கொடுக்கக் கற்றுக் கொண்டார்கள்.

இன்னும் ஒரு பெரிய கேள்வி பாக்கி இருந்தது. எண் இறங்குகிறது, சரி, ஆயுள் நீளுகிறதா? இதற்கு 1967-ல் பதில் வந்தது. அமெரிக்காவில் டாக்டர் எட்வர்டு ப்ரீஸ் தலைமையில், முன்னாள் படை வீரர்கள் 143 பேரை வைத்துச் சோதித்தார்கள். எல்லோருக்கும் கீழ் எண் 115-க்கு மேல். ஒரு பாதிப் பேருக்கு மூன்று மருந்துகள் கலந்த சிகிச்சை. அந்த மூன்றில் ஒன்று ரெசர்பின். மற்றப் பாதிப் பேருக்குச் சத்தில்லாத போலி மாத்திரை. ஒன்றரை வருஷத்துக்குள் போலி மாத்திரைக்காரர்களில் 27 பேருக்குப் பெரிய ஆபத்துகள் நேர்ந்தன. நாலு பேர் இறந்து போனார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் ஆபத்து கண்டது இரண்டே பேருக்கு. இறந்தவர் எவரும் இல்லை. ரத்தக் கொதிப்பைக் குறைப்பது ஆபத்து என்ற பழைய அபிப்பிராயம் அன்றோடு செத்தது.

குறிஞ்சிப்பாடி வட்டத்தைச் சேர்ந்த நெய்வேலியில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு தேங்கி நிற்கிறது. அப்படியே விட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்து கொண்டு மேலே வந்து விடும். அதனால் 1961 முதல் ராட்சத பம்புகளை வைத்து, இரவு பகலாக அந்த நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்து வருகிறார்கள். இத்தனை வருஷம் இறைத்தாயிற்றே, இனி நிறுத்தி விடலாம் என்று அங்கே எவரும் சொல்வதில்லை. ஆனால் ரத்தக் கொதிப்புக்காரர் ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டு, எண் இறங்கியதைப் பார்த்ததும், குணமாகி விட்டது என்று தாமே நிறுத்தி விடுகிறார். அழுத்தம் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கு ஏறி விடுகிறது.

டாக்டர் வக்கீல் எழுதுவதிலும் வல்லவர். வைத்திய சரித்திரத்தைப் பற்றிச் சுவையான கட்டுரைகள் எழுதினார். டாக்டர் கோல்வாலாவுடன் சேர்ந்து, நோயைக் கண்டறியும் முறை பற்றி மாணவர்களுக்குப் பாடப் புத்தகம் எழுதினார். நோயாளியைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, காதால் கேட்டு வியாதியைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதே அதன் விஷயம்.

1974 செப்டம்பரில், ரெசர்பின் சாப்பிடும் பெண்களுக்கு மார்பகப் புற்று நோய் வரக் கூடும் என்று லண்டன் சஞ்சிகை ஒன்றில் கட்டுரைகள் வந்து பெரிய பரபரப்பாயிற்று. பிற்கால ஆராய்ச்சிகள் அந்தப் பயத்தை உறுதிப்படுத்தவில்லை. ஆனால் அதைப் பார்க்க டாக்டர் வக்கீல் இருக்கவில்லை. அந்த நவம்பரிலேயே, 63-வது வயதில், அவர் காலமானார்.

அவர் உலகுக்குக் காட்டிய வேரின் இடத்தை இன்று வேறு மருந்துகள் பிடித்துக் கொண்டு விட்டன. ரத்தக் குழாயின் தசையை நேரே தளர்த்துபவை, சிறுநீரகத்தின் வழியாக வேலை செய்பவை என்று தொந்தரவு குறைந்த மாத்திரைகள் பல வந்து விட்டன. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை வியாதிக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு போய்க் கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021-ல் தொடங்கியது. சர்ப்பகந்தாச் செடியோ, கண்டபடி தோண்டப்பட்டதால் காடுகளில் அருகிப் போய், சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியிருக்கிறது.